கனவுக்குப் பாஸ்வேர்டு

"தாயி, இந்தப் போனு காலையில இருந்து என்னைய மெரட்டுது. ஒன் பாஸ்வேர்டு வெளிய போயிட்டு, ஒடனே மாத்துங்குது. என்னன்னு பாரு."

ராமலட்சுமி போனை மேஜைமேல் வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இடைசெவலிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். ஐம்பது வயதுக்குமேல் இருக்கும். காட்டு வேலையிலிருந்து அப்படியே வந்தவள்போலக் காலில் கரிசல் மண் காய்ந்து ஒட்டியிருந்தது.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அந்தச் சின்னச் செல்போன் கடையை நடத்துகிறவள் ப்ரியதர்ஷினி. மத்தியான வெயிலுக்குத் தெருவில் ஆள் நடமாட்டமில்லை.

"நெசமான எச்சரிக்கைதான் பெரியம்மா. ரெண்டு நிமிசத்துல மாத்திரலாம். பழைய பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. ஆனா உள்ள இருக்கத எதையும் அழிச்சிராத. எல்லாம் என் கனவு."

"கனவா?"

"பருத்திக் காட்டுல நின்னு மைக்கைத் தொட்டுட்டுப் பேசுவேன். அதுவா எழுதிக்கிடும். எனக்கே மெயில் அனுப்பி வச்சுக்கிடுவேன். வேணும்னா படிச்சுப் பாரு."

ப்ரியதர்ஷினி ஒன்றைத் திறந்தாள்.

'பருத்தி வெடிச்சுக் காடெல்லாம் வெள்ளையாக் கெடக்கு. நடுவுல ஒரு ஊஞ்சல். ஆட்டிவிட ஆளே இல்ல, காத்துதான் ஆட்டுது. நான் ஆடுதேன். காலு தரையிலயே படல.'

இன்னொன்று.

'கடலு நம்ம கரிசக்காடு மாதிரியே கறுப்பா இருக்கு. உழுது போட்ட மாதிரி அலை. அதுமேல நடந்து போறேன். காலு புதையுது, ஆனா ஈரமில்ல. தூரத்துல ஆரோ என் பேரைச் சொல்லிக் கூப்பிடுதாவ.'

வெளியே ஒரு ஆட்டோ போனது. அந்தச் சத்தம்கூட எங்கோ வெகுதொலைவில் கேட்பதுபோல இருந்தது ப்ரியதர்ஷினிக்கு.

"அழகா இருக்கு பெரியம்மா."

"அதிசயம் கேளு தாயி. இந்தக் கனவெல்லாம் பலிக்குது. ஊஞ்சல் கனவை அனுப்பி நாலு நாள்ல எங்க வீட்டுக்காரவிய வேப்பமரத்துல ஊஞ்சல் கட்டிட்டாவ. பேரன் பேத்தி கூட இல்லாத வீட்டுல! ஊரே சிரிச்சுது. கடல் கனவை அனுப்பின மறுவாரம் திடுதிப்புன்னு, 'கெளம்பு, திருச்செந்தூரு போவோம்'னாவ. கல்யாணமாகி இருபத்தெட்டு வருசத்துல அன்னைக்குத்தான் கடலைக் கண்ணால பார்த்தேன்."

ப்ரியதர்ஷினியின் விரல் செட்டிங்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. செக்யூரிட்டி பக்கத்தில் சட்டென்று நின்றது.

"பெரியம்மா, இந்த மெயில் ரெண்டு போன்ல திறந்திருக்கு. இன்னொரு போன்ல இன்னைக்குக் காலையில கூடப் பார்த்திருக்காங்க. உங்க வீட்டுக்காரர் என்ன போன் வச்சிருக்காரு?" அவள் போனின் பெயரைப் படித்துக் காட்டினாள்.

"அவிய போனுதான். வாங்குதப்ப கடைக்காரன் மெயில் ஐடி கேட்டான். அவியளுக்கு ஏது? என்னோடதைத்தான் போட்டான்."

"போச்சு! உங்க கனவு ஒண்ணுவிடாம அவர் படிச்சிருக்காரு. பலிச்சதெல்லாம் அப்படித்தான்."

ராமலட்சுமி வாசல் பக்கம் திரும்பினாள். தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ப்ரியதர்ஷினிக்குத் தன் சங்கதி ஞாபகம் வந்தது. போன மாதம்தான், நிச்சயமாகியிருந்த மாப்பிள்ளை அவளிடம் பாஸ்வேர்டைக் கேட்டிருந்தான். தர மறுத்ததில் வந்த சண்டை இன்னும் தீரவில்லை.

"நல்ல காரியத்துக்கே இருந்தாலும், திருட்டுத்தனமாப் படிக்கிறது தப்பு பெரியம்மா. இப்ப பாஸ்வேர்டை மாத்துனா அந்தப் போன்ல இருந்து மெயில் தானா வெளிய வந்திரும். அப்புறம் அவரால எதையும் பார்க்க முடியாது."

"ஒண்ணுமே பார்க்க முடியாதா?"

"ஒண்ணுமே."

ராமலட்சுமியின் முகம் வாடிப்போனது. "மாத்தாம விட்டா?"

"வேற எவனாவது உள்ள புகுந்து எல்லாத்தையும் அழிச்சாலும் அழிப்பான்."

ராமலட்சுமி தலையாட்டினாள். "சரி, மாத்து. சின்னமயிலைன்னு போடு. கூடவே ரெண்டாயிரத்துப் பத்து."

"அது யாரு சின்னமயிலை?"

"எங்க காளை. அந்த வருசந்தான் வீட்டுக்கு வந்துது. அவியளுக்கு உசிரே அது மேலதான்."

"ஐயோ, அவர் ஈசியா கண்டுபிடிச்சிருவாரே! வேற ஏதாவது கஷ்டமாச் சொல்லுங்க."

"அதையே போடு தாயி. அவிய மொதல்ல அதைத்தான் போட்டுப் பார்ப்பாவ."

ப்ரியதர்ஷினியின் விரல்கள் எழுத்துகளின்மேல் அப்படியே நின்றன. "அப்ப... அவர் படிக்கிறது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"நான் ஒவ்வொரு தடவ அனுப்புதப்பவும் பக்கத்து வரப்புல அவிய சட்டைப்பையில டிங்குன்னு மணியடிக்குமே! ஒடனே அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிடுவாவ. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு." ராமலட்சுமியின் குரல் தணிந்தது. "ரெண்டு பேருக்கும் நேருக்கு நேரா ஒண்ணும் பேச வராது தாயி. அவியளுக்குச் சொல்லத் தெரியாது, எனக்குக் கேக்கத் தெரியாது. இந்த வழியையும் அடைச்சுட்டா நான் எங்கன போவேன்?"

ப்ரியதர்ஷினி காளையின் பெயரை ஆங்கிலத்தில் தட்டி, வருடத்தையும் சேர்த்துச் சேமித்தாள். போனைத் திருப்பிக் கொடுக்க மனசில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்:

"இன்னைக்கு என்ன கனவு கண்டீங்க பெரியம்மா?"

ராமலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"கனவா? படுத்தா விடியுத மட்டும் கட்டை மாதிரி கெடப்பேன். பொறந்ததுல இருந்து ஒரு கனவு கண்டதில்ல தாயி."