தேயும் கல்

வயிற்றுவலி என்று வரும் குழந்தைகளை டாக்டர் அங்கயற்கண்ணி தன் அறைக்கதவோரம் பதித்திருந்த சதுரக் கருங்கல்லில் நிற்கவைத்து, "எங்க, ஒரு குதி குதிச்சுக் காட்டு" என்பார். குடல்வால் வீங்கிய பிள்ளையால் குதிக்க முடியாது. காலைத் தூக்கும்போதே முகம் கோணிவிடும். அன்றே ஆபரேஷன். ஒரு காலத்தில் அந்தக் கல்லுக்கு முன்னால் வரிசை நின்றது. பிறகு வருடத்துக்கு வருடம் குழந்தைகள் குறைந்தார்கள். தண்ணீர் மாறிவிட்டது என்றார்கள், சாப்பாடு மாறிவிட்டது என்றார்கள். உண்மையான காரணம் யாருக்கும் தெரியவில்லை. கல் மட்டும் தேய்வதை நிறுத்தவில்லை.

அந்த வரிசை நாட்களில் கலைமதி என்றொரு சிறுமி, மறுநாள் பள்ளி ஆண்டுவிழாவில் ஆடவேண்டும் என்பதற்காக, சிரித்துக்கொண்டே குதித்துக் காட்டினாள். டாக்டரும் சிரித்து வீட்டுக்கு அனுப்பிவைத்தார். மேடையில் ஆடினாள். அந்த வாரமே குடல்வால் வெடித்து இறந்துபோனாள்.

பல மாதங்களுக்குப் பிறகு இன்றுதான் ஒரு குழந்தை வயிற்றுவலியோடு வந்திருந்தாள். பெயர் இதழினி. அம்மாவின் கையை விடாமல் கல்லருகே போய் நின்றுகொண்டாள்.

"ஏறிக் குதி கண்ணு."

"அந்த அக்கா இறங்கட்டும். அப்புறம் நான் குதிக்கிறேன்."

அம்மா பதறிப்போய் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சல்ல என்னமோ உளர்றா டாக்டர்."

டாக்டர் கல்லைப் பார்க்கவில்லை. குழந்தையின் கண்களை மட்டும் பார்த்து மெல்லக் கேட்டார்.

"அந்த அக்கா சிரிக்கிறாளா?"

"இல்ல. வயித்தப் புடிச்சிக்கிட்டுக் குதிக்கிறா."