கொள்ளையர் கதையில் ஒரு பக்கம்

பள்ளி நூலகத்து அம்மாள், வரச்சொல்லியிருந்த மாணவியின் தாய் முன்னால் புத்தகங்களை மேசையில் விரித்து வைத்தார். எல்லாமே குழந்தைகளுக்கான கடற்கொள்ளையர் கதைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் கிழிந்திருந்தது.

"உங்க பொண்ணோட கைவேலையைப் பாருங்க. இவளுக்குக் கதையில வர்ற கொள்ளைக்காரனே தேவலை."

"பழைய புத்தகம், பக்கம் போயிருக்கும்னு நினைச்சேன் மேடம். ராத்திரி நான்தான் படிச்சுக் காட்டுவேன். வேற கதையே வேணாங்கிறா. கடைசியில எல்லாரும் வீட்டுக்கு வந்துடுவாங்களான்னு மட்டும் கேட்பா."

"எல்லாத்துலயும் ஒரே படத்தைத்தான் கிழிச்சிருக்கா. பிடிச்சு வச்சவங்களைக் கடல்ல தள்ளுற படம். பயந்த சுபாவமோ?"

தாயின் முகம் வெளிறிப்போனது.

"அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு போலிருக்கு மேடம். டிவியைக்கூடப் போடாம மறைச்சு வச்சேன். அவ அப்பா போன சரக்குக் கப்பலைக் கொள்ளைக்காரங்க பிடிச்சு வச்சிருக்காங்க. இன்னும் ஒரு தகவலும் இல்லை. அப்பாவுக்கு லீவு கிடைக்கலைன்னு இவகிட்ட சொல்லிட்டிருக்கேன்."

நூலகத்து அம்மாள் புத்தகங்களை ஒவ்வொன்றாக மூடி வைத்தார்.

வெளியே பெஞ்சில், தரைக்கு எட்டாத கால்களோடு மகள் உட்கார்ந்திருந்தாள். தாய் அவள் பக்கத்தில் அமர்ந்து தலையைக் கோதினாள்.

"அந்தப் படத்தைப் பார்த்து ரொம்பப் பயந்துட்டியா கண்ணு?"

"இல்லம்மா. படிக்கிறப்ப நீ பார்த்துட்டா அழுவியேன்னுதான் கிழிச்சேன்."