மாப்பிள்ளை கேட்ட பொருள்

குரல் செய்தியை மறுபடியும் கேட்டான்.

விமான நிலைய வாசலில், கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தான். சிங்கப்பூர் விமானம் இறங்கிவிட்டது. மனைவி கோகிலவாணி காபி வாங்கப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் கேட்டுவிட வேண்டும்.

பேசியது சகலை பிரகதீஷ். மனைவியின் தங்கை கணவன்.

“அண்ணா, மாமா ஃப்ளைட் ஏறிட்டாருங்க. ஆனா செக்கிங்ல பிடிச்சு ஒரு ரூம்ல உட்கார வெச்சுட்டாங்களாம். அந்தப் பார்சல்ல கத்தி இருந்துச்சாமாங்ண்ணா. யார் குடுத்ததுன்னு கேட்டிருக்காங்க. என்னோடதுதான்னு சொல்லிட்டாராம். கத்திய வாங்கி வெச்சுட்டு விட்டுட்டாங்க. அக்காகிட்டச் சொல்ல வேண்டாம்னாரு. ஏங்ண்ணா, எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?”

செல்பேசியைப் பைக்குள் போட்டான்.

கத்தி போச்சா?

இப்போதும் முதலில் வந்த நினைப்பு அதுதான்.

சீ.

யாரும் பார்க்கவில்லை. இருந்தாலும் காது மடல் சுட்டது.

உள்ளங்கைக்குள் அடங்கும் மடக்குக் கத்தி. அதற்காக மழைக்காலம் முழுவதும் வீடியோ பார்த்திருந்தான். எந்த எஃகு துருப்பிடிக்காது, எந்தப் பூட்டு நழுவாது, பிடி மரமா பிளாஸ்டிக்கா. மகளுக்குப் பள்ளிக்கூடம் தேடியபோதுகூட இவ்வளவு மெனக்கெடவில்லை.

மலையேறும் கூட்டத்தில் ஆளாளுக்கு இடுப்பில் ஒன்று வைத்திருந்தார்கள். இவன் சமையலறைக் கத்தியைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு போனான்.

“என்னங்ணா, கல்யாண வீட்டுக்குக் காய் நறுக்க வந்தீங்களா?” என்றான் ஒரு பொடியன்.

எல்லோரும் சிரித்தார்கள். இவனும் சிரித்து வைத்தான்.

இங்கே கடைகளில் இருந்தது பிடிக்கவில்லை. பிடித்தது வெளிநாட்டில் இருந்தது. வரவழைத்தான். சுங்கத்தில் நிறுத்தினார்கள். இறக்குமதிக்கு அனுமதி இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அதோடு விட்டிருக்கலாம்.

விடவில்லை. மாமனார் சிங்கப்பூரில் சின்ன மகள் வீட்டில் இருந்தார். ஊர் திரும்பும் சமயம். அந்த வீட்டு முகவரிக்கே கத்தியை வரவழைத்துவிட்டு, மாமனாரைக் கூப்பிட்டான். மலைக்குப் போகும்போது வைத்துக்கொள்ளும் ஒரு சின்ன சாமான், கொண்டுவர முடியுமா என்று கேட்டான்.

கைப்பையில் வேண்டாம், பெரிய பெட்டியில் போடுங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஏன் என்று கேட்டுவிட்டால்?

சொல்லவில்லை.

அவர் கேட்டிருக்கவே மாட்டார். மாப்பிள்ளை கேட்ட பொருள். பிரித்துப் பார்ப்பாரா? அசைத்துத்தான் பார்ப்பாரா? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவன் முன்னால் நாற்காலியில் சாய்ந்துகூட உட்காராத மனிதர்.

அரசுப் பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். டிக்கெட் எடுக்காதவனைக்கூடக் கீழே இறக்கித் தனியாகத்தான் விசாரிப்பாராம். பத்துப் பேர் முன்னால் ஒருத்தனைத் தலைகுனிய வைக்கக் கூடாது என்பார்.

அவரை வரிசையிலிருந்து இழுத்து நிறுத்தியிருக்கிறார்கள். எத்தனை பேர் பார்த்தார்களோ. பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்களோ. தண்ணீராவது கொடுத்தார்களோ.

பிரித்துக் காட்டியபோதுதான் அவருக்கே தெரிந்திருக்கும். தெரிந்த பிறகும் என்னோடதுதான் என்றிருக்கிறார்.

கோகிலவாணி காபியை நீட்டினாள்.

“ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?”

“வெயில்” என்றான்.

கண்ணாடிக் கதவு திறந்து திறந்து மூடியது. யார் யாரோ வந்தார்கள். மாலை போட்டார்கள், கட்டிக்கொண்டார்கள். கூட்டம் வடிந்த பிறகு மாமனார் வந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. இவனைக் கண்டதும் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டுக் கை குவித்தார்.

“வாங்க மாப்பிள்ளை” என்றார், வந்தவர் அவராக இருந்தும்.

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“உங்க சாமானத் தொலைச்சுப்போட்டனுங்க. பெட்டியில போட்டா எப்படி வீசுவாங்களோ, நசுங்கிப் போயிருமோன்னு கைப்பையிலயே பத்திரமா வெச்சிருந்தேன். எம்புத்தி அவ்வளவுதானுங்க மாப்பிள்ளை. மனசுல வெச்சுக்காதீங்க.”



“ஏப்பா, அவர் வாயைத் திறந்து கேட்டதே அது ஒன்னு” என்றாள் கோகிலவாணி. “அதையும் தொலைச்சுப்போட்டு வந்து நிக்கறீங்க.”

இப்போது சொல்ல வேண்டும். இப்போதே.

“விடு” என்றான்.

அது பெருந்தன்மை போலக் கேட்டது. உடம்பெல்லாம் கூசியது.

“பாருங்க, அவரா இருக்கக்கொண்டு ஒன்னும் சொல்லல” என்றாள் அப்பாவிடம்.

“ஆமாங் கண்ணு” என்றார் அவர்.

அவள் இவன் பக்கம் திரும்பினாள். “ஆமா, அப்படி என்ன சாமானுங்க அது?”

வாயைத் திறந்தான்.

“டார்ச் லைட்டு அம்மிணி” என்றார் மாமனார்.

“டார்ச்சா?” அவள் இவனையே பார்த்தாள்.

மாமனாரும் நிமிர்ந்து இவனைப் பார்த்தார். கோபம் இல்லை. அவசரமும் இல்லை. இவன் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளத் தயாராக இருந்த பார்வை.

“ஆமாம்” என்றான். “டார்ச்தான்.”

மாமனார் மெல்லத் தலையாட்டினார்.

“போலாங்களா மாப்பிள்ளை?” என்றார். குரலில் மரியாதை கொஞ்சமும் குறையவில்லை.