அப்புறம்?

“யார் நீங்க?”

கூண்டில் நின்ற தன் சொந்தச் சாட்சியைப் பார்த்து முத்து இப்படிக் கேட்டதும் அரங்கத்தில் சிரிப்பு எழுந்தது. எந்த வக்கீலும் முதலில் சாட்சியின் பேரையும் தொழிலையும் மரியாதையாகக் கேட்பதுதான் வழக்கம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அணித் தலைவன் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

“தீப்பிடிச்ச கடைக்கு எதிர்க்கடையில துணி தேய்க்கிறேம்மா,” என்றாள் சாட்சி. நிஜத்தில் அவள் முத்துவின் அறைத்தோழி. சட்டக் கல்லூரிகளுக்கு நடக்கும் மாதிரி நீதிமன்றப் போட்டியின் இறுதிச் சுற்றில் இன்று அவளுக்கு அந்த வேடம்.

வழக்கும் கற்பனைதான். அண்ணன் கடைக்குள் இருக்கும்போதே தம்பி ஷட்டரை வெளியே பூட்டிவிட்டுத் தீ வைத்தானா? அந்த வெளிப்பூட்டு சாட்சியின் வாயிலிருந்து வந்துவிட்டால் கோப்பை கையில்.

ஆனால் அது தானாக வர வேண்டும். தன் பக்கத்துச் சாட்சியை விசாரிக்கிறவர், பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்து எடுத்துக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் மார்க் போய்விடும்.

முத்து என்பது அவளுடைய நிஜப் பேர் இல்லை. விசாரிக்க வேண்டியவள் டைபாய்டில் படுத்துவிட, இந்த வருடம்தான் வேறு கல்லூரியிலிருந்து வந்த இவளை அறைத்தோழி பிடிவாதமாக அணிக்குள் கொண்டுவந்தாள். வந்தவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள், சொல்ல வேண்டியதைப் போனில் தட்டி அனுப்புவாள். “மகாராணி வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும்,” என்று தலைவன் ஒருநாள் சொல்லப்போக, அதுவே பேராக ஒட்டிக்கொண்டது.

ஒத்திகையிலும் அவனுக்கு வயிற்றெரிச்சல்தான். ‘பிறகு என்ன பார்த்தீர்கள்’ என்று கேட்கச் சொல்லிக் கொடுத்தால் “அப்புறம்?” என்பாள். மறுபடி சொல்லிக் கொடுத்தாலும் அதே “அப்புறம்?”தான். ஒரு வார்த்தையில்கூடத் தன் பேச்சைக் கேட்காத திமிரா என்று பொருமிக்கொண்டிருந்தவன், இன்று காலையில் வெடித்துவிட்டான்.

“தோத்தோம்னா, இனிமே எந்தக் கேஸ்லயும் உனக்கு இடம் கிடையாது. வேடிக்கை பாக்கறதோட சரி.”

அதற்கும் தலையைத்தான் ஆட்டினாள். கண் மட்டும் கலங்கிவிட்டது. வக்கீலாக வேண்டும் என்பதைத் தவிர வேறு எதற்கும் ஆசைப்படாதவள் அவள்.

இப்போது அவளுடைய கேள்விகள் ஒற்றை ஒற்றையாக விழுந்தன. எப்போ என்றாள், எதுக்கு என்றாள், “அப்புறம்?” என்று நிறுத்தினாள். சாட்சி சளசளவென்று சொல்லிக்கொண்டே போனாள்.

எதிரணி வக்கீல் துள்ளி எழுந்தான். இது விசாரணையே இல்லை, சாட்சியைக் கதை சொல்ல விட்டுவிட்டு வக்கீல் வேடிக்கை பார்க்கிறார் என்று ஆட்சேபித்தான். நீதிபதி இருக்கையில் இருந்தவர் நிஜமாகவே நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். மூக்குக் கண்ணாடிக்கு மேலே முத்துவைப் பார்த்து, இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

முத்துவின் முகம் வெளிறியது. பதில் சொல்லித் தொலையேன் என்று தலைவன் மனசுக்குள் கெஞ்சினான். அவளோ நீதிபதிக்குத் தலை வணங்கிவிட்டு, சாட்சி பக்கம் திரும்பி, “அங்கே என்ன?” என்றாள். நீதிபதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதிரணியைக் கையமர்த்தி உட்கார வைத்தார்.

“புகை வந்துச்சும்மா. ஓடிப் போய்ப் பாத்தேன். ஷட்டர் மூடியிருந்துச்சு. பூட்டு...”

அதோடு சாட்சிக்கு வாயடைத்துவிட்டது. அத்தனை பேர் பார்வைக்கு நடுவில் எல்லாம் மறந்துபோய்த் திருதிருவென்று விழித்தாள்.

“பூட்டு வெளிப்பக்கம்தானேன்னு கேட்டுடு. மார்க் போனா போகட்டும்,” என்று தலைவன் கிசுகிசுத்தான்.

முத்து கேட்கவில்லை. மேசை விளிம்பை இறுகப் பிடித்தபடி நின்றாள். உதடுகள் மட்டும் இரண்டு முறை ஒட்டி ஒட்டிப் பிரிந்தன. எதிரணிக்காரன் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

“எங்கே?”

சாட்சியின் முகம் சட்டென்று தெளிந்தது. “வெளியேம்மா. பூட்டு வெளியே தொங்குச்சு. உள்ளேர்ந்து அவர் ஷட்டரைத் தட்டிக்கிட்டே இருந்தார்.”

அதற்குப் பிறகு எதிரணி தலைகீழாக நின்றும் தேறவில்லை.

கோப்பையைக் கொடுக்கும்போது நீதிபதி வெகுநேரம் பேசினார். தன் சாட்சியை விசாரிக்கும்போது வக்கீல் கண்ணில் படவே கூடாது, சாட்சிதான் தெரிய வேண்டும் என்று பதவியில் இருந்த காலமெல்லாம் தொண்டை வறளச் சொன்னாராம். தங்கள் குரல்மேல் உள்ள ஆசையில் ஒரு வக்கீலும் காதில் போட்டுக்கொள்ளவில்லையாம். இந்தப் பெண் மட்டும்தான் சாட்சி வாயில் ஒரு வார்த்தையைக்கூடத் திணிக்கவில்லை என்றார்.

தலைவனுக்குப் பெருமை தாங்கவில்லை. இத்தனை நாளும் இவள் வாய் திறக்காததெல்லாம் திட்டம் போட்டுச் செய்தது என்பது அவன் மண்டைக்கு இப்போதுதான் உறைத்தது. திமிர் என்று நினைத்ததற்காக உள்ளுக்குள் கூசினான்.

நீதிபதி மைக்கை முத்துவிடம் நீட்டினார். “இவ்வளவு சுருக்கமாக் கேக்க உனக்கு யாரும்மா கத்துக்கொடுத்தது?”

அறைத்தோழி பதறிப்போய் அந்த மைக்கை வாங்கக் கை நீட்டினாள். முத்து கொடுக்கவில்லை.

“ப... ப... பயம், ஐயா.”