கோப்பை தாங்கிய பாலம்

நடிகர் தீர்த்தகிரி நாடறிந்தவர். படப்பிடிப்பு இல்லாத நாளெல்லாம் வீட்டு மாடியில் பொம்மை ரயில் ஓட்டுவார்.

அலமாரியிலிருந்த விருதுக் கோப்பைக்கு அது பொறுக்கவில்லை. "என்னைக் கையில் வாங்க முப்பது வருஷம் உழைத்தார். விளையாடுவதோ உன்னோடு!" என்று என்ஜினிடம் பொருமும்.

ஒருநாள் அட்டைப் பாலம் சரிந்து என்ஜின் கீழே விழுந்தது. தீர்த்தகிரி தரையில் குப்புறப் படுத்து, வளைந்த சக்கரத்தைப் பொறுமையாக நிமிர்த்தினார். பிறகு கோப்பையை எடுத்துக் கவிழ்த்து, பாலத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்தார்.

"மறுபடியும் விழுந்துவிடுவேனோ?" என்று என்ஜின் நடுங்கியது.

"பயப்படாமல் வா, நான் தாங்கிக்கொள்கிறேன்" என்றது கோப்பை.

என்ஜின் பாலத்தைக் கடந்தது. தீர்த்தகிரி கைதட்டிக் குதித்தார். கைதட்டல் வாங்கியே பழகிய மனிதர் கைதட்டியதைக் கோப்பை அன்றுதான் பார்த்தது.