பொற்கொடி தலையாட்டுகிறாள்

கணக்கில் மூன்று முறை அரியர் வைத்த பொற்கொடிக்கு வரப்போவதுதான் கடைசிப் பரீட்சை. இதிலும் தவறினால் பட்டம் கிடையாது. அதற்காகச் சேர்ந்த டியூஷனில் சொல்லித்தருபவனுக்கு இன்னும் கல்யாணமாகவில்லை என்று கேள்விப்பட்டதும் அப்பா மாசிலாமணி வகுப்புக்குக் கூடவே வந்து, இருவருக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். பலகையில் இருந்ததெல்லாம் அவருக்குக் கோழி கிளறிய மண். அதனால் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“புரியுதாம்மா?” என்றான் டியூஷன்காரன். அவள் தலையாட்டினாள். அவன் பலகையை அழிக்கப் போனான்.

“அழிக்காத தம்பி. அவளுக்குப் புரியல.”

“ஐயாவுக்கு இந்தக் கணக்கு தெரியுமா?”

“கணக்கு தெரியாது. இவளத் தெரியும். வேகமா ஆட்டினா ஒண்ணும் ஏறலைன்னு அர்த்தம். பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளையப் பிடிச்சிருக்கான்னு கேட்டப்பவும் இப்படித்தான் ஆட்டினா. அப்புறம் மூணு நாள் அழுதா.”

“அப்பா, சும்மா இருங்க,” என்று பல்லைக் கடித்தாள் பொற்கொடி.

அவன் முதலிலிருந்து சொன்னான். அவள் மறுபடியும் வேகமாகத் தலையாட்டினாள். மாசிலாமணி உதட்டைப் பிதுக்கினார். மூன்றாம் தடவை அவள் தலை அசையவில்லை.

“சார், நாலாவது வரியிலேர்ந்து அஞ்சாவது வரி எப்படி வந்துச்சு?”

டியூஷன்காரன் சாக்பீஸோடு பலகையைப் பார்த்தபடி நின்றான். மாசிலாமணி இப்போது அவன் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.