டீசலில் புகுந்த காற்று

“நேத்துத்தான டீசல் பில்டரை மாத்துனேன்! இன்னைக்குப் பாத்து மக்கர் பண்ணுதே!”

பானெட்டைத் தூக்கிப் பிடித்தபடி கத்தினார் சுந்தரபாண்டி. பாலவனத்தத்தில் கிளம்பி, அருப்புக்கோட்டையைத் தாண்டி, திருச்சுழி சாலையில் கொஞ்ச தூரம் வந்ததுமே அந்தப் பழைய டீசல் கார் நின்றுவிட்டது. இருபுறமும் கருவேலங்காடு. வெயில் சுள்ளென்று ஏறிக்கொண்டிருந்தது.

பின்சீட்டில் பட்டுச்சேலையும் தலைநிறையப் பூவுமாக மகள் தங்கமாரி. பக்கத்தில் மனைவி முத்துத்தாய். குலதெய்வக் கோயிலில் மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்தார்கள். மாப்பிள்ளை சொந்த அக்கா மகன்தான்.

“டீசல்ல காத்துப் புடிச்சிருக்கு.”

காற்றை வெளியேற்ற, என்ஜின் பக்கத்திலிருந்த கைப்பம்ப்பை அழுத்து அழுத்தென்று அழுத்தினார். புது வேட்டியெல்லாம் கறை. சாவியைத் திருப்பியதும் வண்டி உறுமியது. கொஞ்ச தூரம் ஓடியது. மறுபடி நின்றது.

“ஆயிலு, தண்ணி, பெல்ட்டு, ஓஸு... ஒண்ணொண்ணாப் பாக்காம நான் வண்டிய எடுத்திருக்கேனா? இத்தன வருசத்துல நடுரோட்டுல நின்னிருக்கா இது?”

“நின்னதே இல்லீங்க” என்றாள் முத்துத்தாய்.

செல்போன் அலறியது. அக்கா.

“எங்கடா இருக்க தம்பி? முகூர்த்தம் போயிரும் போலருக்கே!”

“இந்தா வந்துட்டேங்க்கா. வண்டி லேசா மக்கர். பத்தே நிமிசம்!”

போனை வைத்தவர் சாலையின் இரு முனைகளையும் பார்த்தார். “பேசாம வேற வண்டிக்குச் சொல்லிருவமா?”

“வெளியாளு எதுக்குங்க? உங்களுக்குத் தெரியாத வண்டியா? நீங்களே பாருங்க, சரியாயிரும்.”

அந்த வார்த்தை அவருக்குத் தெம்பாக இருந்தது. துண்டை விரித்துக் காரடியில் படுத்தார். டேங்கிலிருந்து வரும் ஓஸைத் தடவியவர் திடுக்கிட்டார். கிளிப் கழன்று தொங்கியது. தானாகக் கழன்றது மாதிரி தெரியவில்லை. யாரோ திருகித் தளர்த்தியிருக்கிறார்கள்.

“அடப்பாவி! எவனோ வேணும்னே செஞ்சிருக்கான் முத்து! நம்ம வீட்டு நல்ல காரியம் பொறுக்காத எவனோ!”

அப்போது அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு ஜீப் வந்தது. சுந்தரபாண்டி எழுந்து நடுரோட்டுக்கு ஓடிக் கையாட்டினார். ஜீப் நின்றது. இரண்டு பெண் போலீசாரும், கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஓர் அம்மாளும் இறங்கினார்கள்.

“நல்ல நேரத்துல வந்தீக மேடம்! ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தாக் குடுங்க. மகளுக்குக் கல்யாணம்...”

அந்த அம்மாள் அவரைத் தாண்டிக் காரைப் பார்த்தார். “போன் பண்ணுனது யாரு?”

“நாந்தாங்க.” முத்துத்தாய் கதவைத் திறந்து இறங்கினாள். “நீங்க வந்து சேருற வரைக்கும் தாலி ஏறிறக் கூடாதுல்ல. அதான் விடியக்காலைல நானே கிளிப்பை லூசாக்கிட்டேன்.”

சுந்தரபாண்டி யாரோ ஒருத்தியைப் பார்ப்பது போல மனைவியைப் பார்த்தார்.

அந்த அம்மாள் கார் ஜன்னலில் குனிந்து, மணப்பெண்ணின் தலையை மெல்லத் தடவினார். “பயப்படாத பாப்பா. என்ன படிக்கிற?”

“ஒம்பதாங் கிளாசு மிஸ்.”